காது ஓட்டை பிள்ளைக்கு இறங்குமா?

கேள்வி, 11 ஜூன் 2017

"எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக நாதஸ்வரம். என் பையனுக்கு மூன்று வயது. யாரும் சொல்லித் தரவில்லை, ஆதி தாளத்தைத் தொடையில் பிசகாமல் தட்டுகிறான். கொள்ளுத்தாத்தா காலத்துச் சாதகம் ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பழகியது பிள்ளைக்குப் போகாது என்று புத்தகத்தில் எழுதியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்."

11 ஜூன் 2017, இரவு

போகாது.

இருபத்திரண்டு வருஷம் விலங்கியல் எடுத்தவள் சொல்கிறேன். என் அப்பத்தா தண்டட்டி போட்டிருந்தது. கைக்குழந்தையில் காதைக் குத்தி, ஓட்டையில் பஞ்சுத் திரி வைத்து, அது ஆறியதும் குணுக்கு தொங்கவிட்டு, மடல் தோளைத் தொடுகிற வரை காது வளர்ப்பார்கள். அப்பத்தாவுடைய அம்மாவுக்கும் அப்படித்தான், அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். எத்தனை தலைமுறை என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. நான் பிறந்தபோது என் காதில் ஊசி முனை ஓட்டைகூட இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊர் கேட்கக் கதறித்தான் குத்திக்கொண்டேன்.

ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மான் என்றொருவர் 1880களில் இதையே வெள்ளைச் சுண்டெலிகளை வைத்துப் பார்த்தார். வாலை வெட்டுவது, குட்டி போட விடுவது, அந்தக் குட்டிகளின் வாலையும் வெட்டுவது. ஐந்து தலைமுறையில் 901 குட்டிகள். ஒன்றுகூட வால் குட்டையாகப் பிறக்கவில்லை. இதற்கு எலியைப் பிடித்து வெட்டியிருக்க வேண்டாம், எங்கள் ஊர்க் காதுகுத்துக்கு வந்திருந்தால் கறிவிருந்தாவது கிடைத்திருக்கும்.

எந்த உயிரிலும், எந்தக் காலத்திலும், வாழ்நாளில் சம்பாதித்தது வித்துக்குள் போகாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன் 2017

படுத்த பிறகு உறுத்தியது. காது ஓட்டை என்பது காயம். பழகியது பிள்ளைக்குப் போகும் என்று சொன்ன பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1809இல் எழுதியது காயத்தைப் பற்றி அல்ல. ஓர் உயிர் தன் தேவைக்காகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற உறுப்பு வளரும், பயன்படாதது தேயும், அந்த வளர்ச்சியும் தேய்மானமும் பிள்ளைக்குப் போகும் என்றார். எலிக்கு வாலை இழக்க வேண்டும் என்று என்ன தேவை? தம்பி கேட்டது சாதகத்தைப் பற்றி. நான் சொன்னது தழும்பைப் பற்றி. நேற்றைய பதிலில் வேகம்தான் இருந்தது, பதில் இல்லை.

வைஸ்மானின் உண்மையான அடி எலி வாலில் இல்லை. விலங்குகளில் விந்தும் முட்டையும் ஆகப்போகிற செல்கள் கருவிலேயே தனியாகப் பிரிந்து ஒதுங்கிவிடுகின்றன. அதன்பிறகு உடம்பு படுகிற பாடு உடம்போடு. நாதஸ்வரச் சீவாளி பிடித்துக் காய்ப்பேறிய உதடு விந்தணுவுக்கு எந்த வழியில் தபால் போடும்? வழியைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

12 ஜூன் 2017, மாலை

டாபர்மேன் வளர்க்கிறவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: நூறு வருஷத்துக்கு மேல் வாலை வெட்டியும் ஒவ்வொரு ஈட்டிலும் குட்டிகள் நீள வாலோடுதான் பிறக்கின்றனவாம். வைஸ்மான் பாவம், அவசரப்பட்டுவிட்டார்.

18 ஜூன் 2017

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

1998இல் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ஆள் இல்லை, என்னைப் போட்டார்கள். மரபியல் பாடம். நாக்கைக் குழல் மாதிரிச் சுருட்ட வருவது ஓங்கு பண்பு, வராதது ஒடுங்கு பண்பு, அப்பா அம்மா இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கு வரவே வராது என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். வீட்டில் எல்லோர் நாக்கையும் பார்த்து அட்டவணை போட்டு வரச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அப்பாவுக்கும் வரல, அம்மாவுக்கும் வரல, எனக்கு மட்டும் வருது" என்று சுருட்டிக் காட்டினாள். பின் பெஞ்சில் ஒரு களுக். பதினைந்து வயதுப் பையன்களுக்கு அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியாதா? நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நீ சரியாப் பாத்திருக்க மாட்ட, மறுபடி பாத்துட்டு வா" என்றேன்.

அதற்கு மறுநாள் நோட்டைக் கொண்டுவந்தாள். அம்மா என்று எழுதிய வரிசையில் பழைய சொல்லை ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. அதன் மேல் "வரும்" என்று எழுதியிருந்தாள். நான் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

நாக்குச் சமாசாரத்தை முதலில் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவென்ட், 1940இல். பழ ஈயின் குரோமோசோம் வரைபடத்தை முதன்முதலாகப் போட்ட பெரிய மனிதர். 1952இல் மாட்லாக் என்பவர் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் 33 ஜோடியைப் பார்த்தார். 7 ஜோடியில் ஒருவருக்கு நாக்குச் சுருளும், மற்றவருக்குச் சுருளாது. ஒரே மரபணு, இரண்டு நாக்கு. ஸ்டர்ட்டவென்ட்டே 1965இல், இன்னமும் இதை மெண்டலின் ஓங்கு, ஒடுங்கு விதிக்கு உறுதியான உதாரணமாகப் போடுகிறார்களே, சங்கடமாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். நான் கட்டம் போட்டது அதற்கு முப்பத்து மூன்று வருஷம் கழித்து.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கும்.

20 ஜூன் 2017

காது மடல் ஒட்டியிருப்பதும் தொங்குவதும் அதே கதைதான். பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை, நடுவில் எத்தனையோ படிகள். அதையும் அட்டவணையில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அப்பத்தாவின் காதை நான் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பேன்?

2 ஜூலை 2017

தாளம் தட்டுகிற பையன். யாரும் சொல்லித் தரவில்லை என்கிறார் தம்பி. நாதஸ்வரக்காரர் வீட்டில் யாரும் சொல்லித் தராமல் இருக்க முடியுமா? கடைசி மூன்று மாதத்தில் சிசுவுக்குக் காது கேட்கும். அம்மா வயிற்றுக்குள்ளேயே தவிலைக் கேட்டு வந்தவன். பிறந்து மூன்று வருஷமாக விடியற்காலைச் சாதகம் கேட்டுத்தான் கண் விழிக்கிறான். அவனைப் பிறந்த அன்றே சத்தம் புகாத வீட்டில் கொண்டுபோய் வளர்த்து, பிறகும் தட்டினால் பேசலாம்.

அதற்காக மரபில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தாளத்தைப் பிடித்துக்கொள்கிற காது ஓரளவு பிறவியாக இருக்கலாம். ஆனால் அது கொள்ளுத்தாத்தா சாதகம் செய்ததால் உண்டானது அல்ல. அந்தக் காது இருந்ததால்தான் அவர் சாதகத்தில் நிலைத்திருப்பார். காரணத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறோம்.

இதில் நான் கொஞ்சம் சூடாவதற்குக் காரணம் உண்டு. தொழில் ரத்தத்தில் ஓடுகிறது என்ற பேச்சு இந்த ஊரில் வெறும் அறிவியல் தவறாக நின்றதில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வி. 1954இல் அவர் பதவியும் போனது, திட்டமும் போனது. நாதஸ்வரம் ரத்தத்தில் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லலாம்; சிரைப்பதும் வெளுப்பதும் ரத்தத்தில் ஓடுகிறது என்று இன்னொருவன் பிள்ளையைப் பார்த்துச் சொல்வதும் அதே வாக்கியம்தான்.

ஔவையார் என்ன சொன்னார் என்று ஒருவர் கேட்டிருந்தார். "குலத்தளவே ஆகுமாம் குணம்" என்பது அவர் பெயரில் இருக்கிறது. "சித்திரமும் கைப்பழக்கம்" என்பதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கிழவி இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

6 ஆகஸ்ட் 2017

எங்கள் பக்கம் பெரியகுளம். இந்தத் தகராறை எங்கள் தோப்பில் யாரும் வாயால் பேசுவதில்லை, கத்தியால் தீர்த்துவிடுகிறார்கள்.

என் கொழுந்தன் ஒட்டுக் கட்டுவதைப் பார்க்க வேண்டும். பையில் வளர்ந்த நாட்டு மாங்கன்று, பென்சில் தடிமன். தலையைச் சீவித் தண்டை நடுவில் பிளப்பார். மல்கோவாத் தாய் மரத்தில் இலை கிள்ளி வைத்திருந்த குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் செதுக்கி அந்தப் பிளவில் இறக்குவார். பட்டையோடு பட்டை சேர வேண்டும், ஒரு பக்கமாவது சேர வேண்டும். பாலித்தீன் நாடாவைச் சுற்றிக் கட்டி மேலே ஒரு சின்ன ஐஸ் பாக்கெட் கவர். மூன்று வாரத்தில் துளிர் விட்டால் பிடித்துவிட்டது. கவருக்குள் வேர்த்திருக்கும், அதைத் தொட விடமாட்டார்.

இனி அந்த மரம் வேர் முழுக்க நாட்டு மா, தலை முழுக்க மல்கோவா. ஆயுளுக்கும் ஒரே சாற்றைக் குடித்து வளரும். மரத்தின் உயரம், வீரியம் இதெல்லாம் வேரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். பழம் மாறாது. முப்பது வருஷம் நாட்டு வேரோடு குடித்தனம் நடத்தினாலும் மல்கோவா மல்கோவாவாகவேதான் காய்க்கும்.

ஆனால் அந்தப் பழத்தின் கொட்டையை ஊன்றினால் வருவது மல்கோவா அல்ல. அம்மா மல்கோவா, சரி. அப்பன் யாரென்று பூவுக்குப் பூ உட்கார்ந்த ஈக்குத்தான் தெரியும். "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா" என்று சொன்னவர் மாந்தோப்பு வைத்திருந்தவர் இல்லை. (கேரளக் கரையோர ரகங்கள் சிலவற்றில் ஒரே கொட்டையில் நாலைந்து முளை வரும், அதில் தாயின் அச்சு அசல் நகலும் இருக்கும். மல்கோவா ஒற்றை முளை, அந்தச் சலுகை கிடையாது.)

ஃபுளோரிடாவில் ஹேடன் என்றொரு ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி 1902இல் மல்கோபா என்ற பெயரில் இந்தியாவிலிருந்து போன மரத்தின் கொட்டைகளை ஊன்றினார். மறுவருஷம் இறந்துவிட்டார். அவர் மனைவி கன்றுகளைக் காப்பாற்றினார். 1910இல் ஒன்று காய்த்தது: சிவப்பும் மஞ்சளுமாக, அம்மா சாயலே இல்லாமல். அதுதான் ஹேடன் மாம்பழம். இன்று வெளிநாட்டுக் கடைகளில் சிவப்புக் கன்னத்தோடு உட்கார்ந்திருக்கிற பல ரகங்களுக்கு அதுவே பாட்டி.

இதைப் படித்த கிறுக்கில் போன மாதம் நானும் ஒரு மல்கோவாக் கொட்டையைத் துவைக்கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். முளைத்திருக்கிறது. தாமிர நிறத்தில் நாலு இலை. கொழுந்தன் பார்த்துவிட்டு, "மதினி, இதுக்கு ஏழு வருசம் தண்ணி ஊத்துறதுக்கு ஒட்டுக்கன்னு நான் சும்மா தர்றேன்" என்கிறார்.

13 மே 2018

கொடைக்கானலில் இரண்டு நாள். ஹைட்ரேஞ்சியா செடிகள், நீலக் கொத்து நீலக் கொத்தாக. ஒரே செடியிலிருந்து குச்சி ஒடித்து இரண்டு இடத்தில் நட்டால் இங்கே நீலம், அங்கே இளஞ்சிவப்பு. லிட்மஸ் தாள் மாதிரிதான்: புளிப்பு மண்ணில் சிவப்பு, சுண்ணாம்பு மண்ணில் நீலம். மரபணு ஒன்று, மண் இரண்டு, நிறம் இரண்டு. தம்பி, பிறவியா பழக்கமா என்று இந்தப் பூவிடம் கேளுங்கள்.

15 மே 2018

தலைகீழாக எழுதிவிட்டேன். புளிப்பு மண்ணில்தான் நீலம், சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பு. கொடைக்கானல் மண் புளிப்பு, பூ நீலம், கண் முன்னால் பார்த்துவிட்டு வந்தும் லிட்மஸ் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரையும், செடி அதை உறிஞ்சும், பூவின் நிறமி அதோடு சேர்ந்து நீலமாகும். சில வெள்ளை ரகங்களுக்கு மாற்ற நிறமியே கிடையாது, எந்த மண்ணில் வைத்தாலும் வெள்ளைதான். ஆகவே மண் எல்லாவற்றையும் செய்யவில்லை. மாறுவதற்கான வழியே பிறவியில் வந்திருக்க வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிறவி இத்தனை பங்கு, வளர்ப்பு இத்தனை பங்கு என்று தராசு பிடித்தவள் நான். ஹைட்ரேஞ்சியாவில் எந்தத் தட்டில் எதை வைப்பது?

9 செப்டம்பர் 2018

மகாபலிபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணை. 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. சதுப்புநில முதலைக்கு ஆண் குரோமோசோம், பெண் குரோமோசோம் என்று தனியாகக் கிடையாது. முட்டை புதைந்திருக்கிற மண்ணின் சூடுதான் தீர்ப்பு. 31 டிகிரி வரை பெண் குஞ்சுகள், 32.5இல் ஆண்கள். இதை முறையாகச் சோதித்ததில் அந்தப் பண்ணைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைக் கடற்கரையில் முட்டையிடுகிற பங்குனி ஆமைக்கும் சூடுதான் கணக்கு, ஆனால் எதிர்ப்பக்கம்: சூடு கூடினால் பெண்.

பெண்ணைப் பெற்றாள் என்று மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் முதலை இனத்தில் வெயிலைத்தான் திட்ட வேண்டும்.

17 பிப்ரவரி 2019

அத்தை, அதாவது என் மாமியார், போன வாரம் தவறிவிட்டார். பரணில் சாமான்களை ஒழிக்கும்போது ஒரு கருக்கரிவாள் கிடைத்தது. கொழுந்தன் எடுத்துப் புல்லை அறுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டே போனது. "மழுங்கிருச்சு போல" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். பல் கூராகத்தான் இருந்தது, எதிர்ப்பக்கத்தில் வெட்டியிருந்தது.

அத்தை இடதுகைக்காரி. சாப்பிடுவது வலது கையால், ஆரத்தி எடுப்பது வலது கையால், யாராவது பார்த்தால் கோலமும் வலது கையால். சின்ன வயதில் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சோறு வைத்தார்களாம். வயலில் மட்டும் யாரும் கேட்கவில்லை, அறுப்பு ஓடினால் சரி. கொல்லர் ஒருவர் அத்தைக்கென்று பல்லை மாற்றி வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

அறுபது வருஷம் வலது கையால் சாப்பிட்டவர் பக்கவாதம் வந்து பேச்சு போன கடைசி வாரத்தில் டம்ளருக்கு நீட்டியது இடது கை. வலது பக்கம்தான் விழுந்திருந்தது என்பதால் இதைச் சாட்சி என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். அத்தையின் நாலு பிள்ளைகளில் ஒருவர், கடைசி நாத்தனார். குடும்பத்தில் ஓடுகிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரே கரு இரட்டையரில் ஏறக்குறைய ஐந்து ஜோடிக்கு ஒரு ஜோடி ஆளுக்கொரு கை. மரபும் இல்லாமல் வளர்ப்பும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது போல, கருவில் செல் பிரியும்போது நடக்கிற தற்செயல். அதற்குப் பாடப்புத்தகத்தில் தனிப் பாடம் இல்லை.

5 மே 2019

"உயரம் எண்பது சதவீதம் மரபு" என்பதை ஒருவர் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்: ஐந்தடியில் நாலடி அப்பா அம்மா கொடுத்தது, ஓரடி சத்துமாவு கொடுத்தது. இல்லை ஐயா. ஓர் ஊரில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு மரபு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அந்த எண். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிற ஊரில் எண் ஏறும், பாதிப்பேர் பட்டினி கிடக்கிற ஊரில் இறங்கும். தென் கொரியப் பெண்கள் ஒரு நூற்றாண்டில் சராசரி 20 செ.மீ. உயர்ந்தார்கள். அதற்குள் மரபணு எங்கே மாற நேரம்?

22 நவம்பர் 2020

எனக்குச் சுகர். வெறும் வயிற்றில் 148.

டாக்டர் முதலில் கேட்டது "அப்பா அம்மாவுக்கு இருக்கா?". இருவருக்கும் இல்லை. இரண்டாவது, "ஸ்வீட் சாப்பிடுவீங்களா?". என் எடை 52 கிலோ. என்னைப் பார்த்தால் யாரும் சுகர் என்று சொல்ல மாட்டார்கள். பிறவியும் இல்லை, பழக்கமும் இல்லை என்றால் இது எந்தக் கட்டம்?

வீட்டுக்கு வந்து தோண்டியதில் பூனாவின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அகப்பட்டார். 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் போட்டார்கள். அவரும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் உயரத்துக்கு எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற குண்டர்கள் நாம். அது பிறக்கும்போதே தொடங்குகிறது என்பது அவருடைய கட்சி. பூனாப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. தசையும் வயிற்று உறுப்புகளும் குறைந்திருந்தன, முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட அங்கத்தியக் குழந்தைக்குச் சமம். கருவில் பஞ்சம் பார்த்த உடம்பு சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டு வருகிறது. அப்புறம் வயிறார மூன்று வேளை சோறு போட்டால் அதற்குத் தாங்கத் தெரியவில்லை.

ஹாலந்தில் 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே. அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது சர்க்கரையைக் கையாள்வது மோசமாக இருந்தது.

நான் பிறந்தது 1967 ஜனவரி. அம்மாவிடம் போனில் கேட்டேன், என்னைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டாய் என்று. "அரிசி எங்க கெடைச்சுச்சு? கேப்பைக் கூழு. உங்க அப்பா எங்கிட்டாவது போயி படி அரிசி வாங்கிட்டு வந்தா அது அவருக்கும் உங்க அப்பத்தாவுக்கும்." பிறகு சிரித்துக்கொண்டே, "நீ பொறந்தப்ப ஒரு கைக்கு அடங்குன" என்றாள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி ஓர் ஆட்சியையே மாற்றினார்களே, அந்தத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் பிறந்தவள்.

இன்னொன்று இரவு முழுக்கத் தூங்க விடவில்லை. பெண் சிசுவுக்குக் கருமுட்டைகள் எல்லாம் அது தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். நான் வந்த முட்டை, அம்மா அம்மாச்சி வயிற்றில் இருந்தபோதே இருந்தது. அம்மாச்சி சாப்பிட்டதும் சாப்பிடாததும் அதைச் சுற்றித்தான் ஓடியிருக்கும். இனச்செல்லைப் பூட்டி வைத்திருக்கிறது, உடம்பின் தபால் அங்கே போகாது என்று எழுதினேனே. கதவு சாத்தியிருக்கலாம். வீடு ஒன்றுதானே?

23 நவம்பர் 2020

நேற்று சுகர் எழுதியது, நான் எழுதவில்லை. காலையில் தெளிவாகப் படித்தேன்.

அம்மாவின் பட்டினி என்னைத் தொட்டது மரபு அல்ல. நான் அங்கேயே இருந்தேன், எனக்கும் சேர்த்துத்தான் பட்டினி. அம்மாச்சி வயிற்று முட்டைக்கும் அதே நியாயம். நேரடியாகப் பட்டது வேறு, படாத தலைமுறைக்கு இறங்குவது வேறு. படாத தலைமுறை என்றால் என் மகள் பெறுகிற பிள்ளை வரை போய்ப் பார்க்க வேண்டும். மனிதரில் அதை இன்னும் யாரும் சந்தேகமில்லாமல் காட்டவில்லை. அந்த டாக்டரின் முதல் கேள்வியும் தப்பில்லை. சுகருக்கு மரபுப் பங்கு நிச்சயம் உண்டு, அப்பா அம்மாவுக்கு வெளியில் தெரியாமலே இருந்திருக்கலாம். அவர்கள் உண்டது உழைத்ததற்கே சரியாகப் போனது.

ஆனாலும் அம்மா சொன்ன "அது அவருக்கும் உங்க அப்பத்தாவுக்கும்" என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? கர்ப்பிணிக்குக் கூழ், மாமியாருக்குச் சோறு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வழக்கம் அது. மரபணுவில் இல்லை, அச்சு அசலாக இறங்கியிருக்கிறது.

14 பிப்ரவரி 2021

முதல் நாள் எழுதிய ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். "எந்த உயிரிலும், எந்தக் காலத்திலும்" என்று எழுதி, எழுதி வைத்துக்கொள்ளவும் சொன்னேன். அடித்துவிடுங்கள்.

தப்பு தயிரில் அகப்பட்டது. தயிர் உறைய வைக்கிற பாக்டீரியாவில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். அதைத் தாக்குகிற வைரஸ் உண்டு, தொழிற்சாலைத் தொட்டிகளில் பெரிய நஷ்டம். 2007இல் டேனிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் காட்டியது: தாக்குதலில் தப்பிய பாக்டீரியா அந்த வைரஸின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை வெட்டித் தன் டி.என்.ஏ.வில் செருகி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டுகிறது. பிள்ளைக்கும் அந்தத் துண்டு போகிறது, பேரனுக்கும் போகிறது. வாழ்நாளில் பட்ட அடி, கற்ற பாடம், பத்திரம் போட்டு வாரிசுக்கு. கிரிஸ்பர் என்று போன வருஷம் வேதியியல் நோபல் வாங்கிய, மரபணுவை வெட்டித் திருத்துகிற கருவியின் பூர்வீகம் இதுதான். லாமார்க் இருந்திருந்தால் ஒரு டம்ளர் மோர் கேட்டிருப்பார்.

யோசித்தால் இதில் அதிசயமில்லை. பாக்டீரியாவுக்கு உடம்பு தனி, வித்து தனி என்று கிடையாது. ஒரே செல்தான் உடம்பும் வித்தும். மரத்துக்கும் அந்தச் சுவர் விலங்குக்கு இருப்பது போல இல்லை: எந்தக் கிளையிலிருந்தும் பூ வரும், ஒரு கிளையில் நேர்ந்த திடீர் மாற்றம் அந்தக் கிளைப் பூ வழியாகக் கொட்டைக்குப் போகலாம். வைஸ்மான் எலியைப் பார்த்தார், நான் காதைப் பார்த்தேன். இரண்டுமே விலங்கு.

எங்கள் வீட்டு உறைமோர் அத்தை கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வம்சம் என்பார்கள். நடுவில் எத்தனை முறை பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம் என்பது எனக்குத் தெரியும்.

3 ஜூலை 2022

கேட்ட தம்பி ஐந்து வருஷம் கழித்து எழுதியிருக்கிறார். பையனுக்கு எட்டு வயது, காலை முழுக்கத் தெருவில் கிரிக்கெட், நாதஸ்வரத்தைத் தொடமாட்டேன் என்கிறான். எட்டாவது ஓவரில் அடித்த பந்துக்கும் ஒன்பதாவது ஓவரில் அடித்த பந்துக்கும் இடையில் மட்டையைத் தரையில் ஆதி தாளத்தில் தட்டுகிறானாம். விடமாட்டேன் என்கிறார் மனிதர்.

2 ஜூன் 2024

துவைக்கல் மரம் காய்த்துவிட்டது. கொழுந்தன் சொன்னபடியே ஏழு வருஷம். பிஞ்சாக நாற்பது பார்த்தேன், காற்றில் போனது போக பதினொன்று நின்றது. உருண்டை வாட்டம் அம்மாவுடையது. மூக்கு மட்டும் கொஞ்சம் நீண்டு, தோப்பில் வடக்கு ஓரம் நிற்கிற நாட்டு மரத்தின் சாடை. அப்பன் அடையாளம் தெரிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று முதல் பழத்தை அறுத்தோம். மணம் மல்கோவா. வாயில் வைத்தால் சுள்ளென்று புளிப்பு, பல்லிடுக்கில் நார். மகள் ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கொழுந்தன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மதினி, வேரு நல்ல வேரு. ஆடியில தலையச் சீவிட்டு மல்கோவாக் குச்சி ஏத்திரலாமா?" என்றார்.

சீவ வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை. இனித்திருந்தாலும் எனக்கு ஒரு கீற்றுதான் அனுமதி. மீதி பத்தையும் காயாகவே பறித்து உப்பில் போட்டாயிற்று. தம்பி பெரியகுளம் பக்கம் வந்தால் ஒரு ஜாடி எடுத்துப் போகலாம், பையனையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.